பென்சைல் ஆல்கஹாலா, அனிசைல் ஆல்கஹாலா?

வேதித் தொகுப்பில், அதாவது ஒரு மூலக்கூறைப் படிப்படியாகக் கட்டும்போது, ஒரு ஹைட்ராக்சிலையோ அமிலத்தையோ வினைபடாமல் கொஞ்ச நாள் மூடி வைக்க வேண்டுமென்றால் பெரும்பாலோர் யோசிக்காமல் பென்சைல் பக்கம் போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வளையத்தின் எதிர்முனையான பாரா இடத்தில் ஒரே ஒரு மெத்தாக்சி கூடுதலாக உள்ள அனிசைல் ஆல்கஹால் பல இடங்களில் அதைவிட நல்ல தேர்வு.

இந்த மூடியை மாட்டுவது இரண்டிலும் சுலபம்தான், கழற்றும்போதுதான் குணம் தெரியும். பென்சைல் ஈதரைப் பொதுவாகப் பல்லேடியம்-கார்பனும் ஹைட்ரஜனும் வைத்துக் கழற்றுவோம், டொலுயீன்தான் கழிவு என்பதால் வடிகட்டி ஆவியாக்கினால் வேலை முடிந்தது. ஆனால் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்போ நைட்ரோவோ இருந்தால் அதுவும் சேர்ந்து ஹைட்ரஜன் ஏறி ஒடுக்கமடைந்துவிடும், கந்தகம் இருந்தால் வினையூக்கியே செத்துவிடும். அங்கேதான் அனிசைல் கைகொடுக்கிறது. டைகுளோரோமீத்தேனில் கொஞ்சம் தண்ணீர் விட்டு டிடிக்யூ என்ற ஆக்சிஜனேற்றியைப் போட்டால் அறை வெப்பநிலையிலேயே அது கழன்றுவிடும், பக்கத்தில் இருக்கும் சாதாரண பென்சைல் ஈதர் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஒரே மூலக்கூறில் இரண்டையும் மாட்டி, வேண்டியதை மட்டும் முதலில் எடுக்கலாம் என்பது நீளமான தொகுப்புகளில் பெரிய வசதி. தொல்லை என்னவென்றால், கூடவே வரும் அனிசால்டிஹைடு சில சமயம் குரோமட்டோகிராபி குழாயில் பிரிக்கும்போது நம் பொருளோடு ஒட்டிக்கொண்டே இறங்கும். அப்படியானால் கலவையில் கொஞ்சம் சோடியம் போரோஹைட்ரைடு சேர்த்து அதை ஆல்கஹாலாக்கிவிட்டால் தனியே பிரிந்துவிடும், நம் பொருளில் ஆல்டிஹைடோ கீட்டோனோ இல்லாதவரை.

அந்த மெத்தாக்சி எலக்ட்ரானைத் தள்ளி பென்சைலிக் நேர்மின் அயனியைத் தாங்கிப் பிடிக்கிறது. அதனால் அனிசைல் ஆல்கஹாலை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு குலுக்கினாலே குளோரைடு சீக்கிரம் கிடைத்துவிடும். அதே காரணத்தால் அந்தக் குளோரைடு நாள்பட இருக்காது. வாங்கி வைக்காதீர்கள், பாட்டிலுக்குள் அமில வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும். வேண்டியபோது ஆல்கஹாலிலிருந்து செய்துகொள்வதுதான் சரி.

அமினோ அமில எஸ்டர் என்றால் பென்சைல் ஆல்கஹால்தான். டொலுயீன்சல்போனிக் அமிலத்தோடு கொதிக்கவைத்துத் தண்ணீரைப் பிரித்து எடுத்தால் போதும். அந்தச் சூட்டுக்கும் அமிலத்துக்கும் அனிசைல் தாங்காது, தனக்குத்தானே ஈதராகிவிடும். அமீனை மூடவும் அப்படித்தான்: 1932-இல் வேதியியலாளர்கள் பெர்க்மனும் செர்வாசும் கொண்டுவந்த பென்சைலாக்சிகார்போனில் முறை இன்றும் பெப்டைடு வேலையில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கான குளோரோபார்மேட்டுக்கு மூலம் இந்த ஆல்கஹால்தான்.

சேமிப்பில் இரண்டுமே காற்று பட்டால் மெல்ல ஆல்டிஹைடாகும். பென்சைல் ஆல்கஹால் பாட்டிலில் வாதுமை வாசனை தூக்கலாக வந்தால் குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்த பிறகே எடுங்கள். அனிசைல் ஆல்கஹாலின் உருகுநிலை கிட்டத்தட்ட 25 டிகிரி, ஏசி அறையில் கட்டியாக இருந்தால் கெட்டுவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள்.

சர்க்கரை வேதியியலில் மட்டும் நான் பென்சைலை விடமாட்டேன். சர்க்கரையை இன்னொன்றோடு கோக்கும் கிளைகோசைடு இணைப்புக்குப் போடும் வலுவான லூயிஸ் அமிலத்தில் (எலக்ட்ரான் இணையை ஏற்கும் சேர்மம்) அனிசைல் பாதி வழியிலேயே கழன்றுவிடக்கூடும்.