புறக்கோட்டைக் கடைக்கு விண்டோஸ் 11: மாறலாமா, பொறுக்கலாமா?

கொழும்பு புறக்கோட்டை மெயின் வீதியில் ஒரு துணி மொத்த வியாபாரக் கடைக்குக் கணக்கும் பார்க்கிறேன், கொம்பியூட்டர்களும் என் தலையில்தான். பில் போடுகிற கவுன்டர், மேல்மாடி ஒபிஸ், கிராண்ட்பாஸில் உள்ள ஸ்டோர் எல்லாம் சேர்த்து ஒரு டசின் மெஷின். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் விண்டோஸ் 10இலிருந்து விண்டோஸ் 11 ப்ரோவுக்கு மாற்றியாயிற்று. இதே யோசனையில் இருக்கிற கடைக்காரர்களுக்காக எழுதுகிறேன். வீட்டில் யூடியூப் பார்க்கிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

5க்கு 3.5 கொடுப்பேன். சிஸ்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை, அதை ஏற்றுவதும் பெரிய வேலை இல்லை. பிரின்டர், எழுத்துரு, ஸ்கேனர், எந்தக் காலத்திலோ எழுதிய பில் சொஃப்ட்வெயர், இவற்றோடு மல்லுக்கட்டுவதில்தான் உயிர் போகும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு (வழக்கமான பாதுகாப்பு அப்டேட்) 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. அந்த வருடத் தீபாவளி ஒக்டோபர் 20. துணிக்கடைக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், அந்த வாரம் கவுன்டர் மெஷினில் யாரும் கை வைக்க முடியாது. அது முடிய நத்தார், பொங்கல், பிறகு மார்ச் 31 கணக்கு முடிவு. அதனால் நாங்கள் வியாபாரம் தூங்குகிற ஆடி மாதத்திலேயே தொடங்கிவிட்டோம், போயாவுக்குப் போயா (பௌர்ணமி விடுமுறை) ஒரு பகுதி. "ஓடுற மெஷினை ஏன் தம்பி நோண்டுறீங்க?" என்று முதலாளி கேட்டார். வங்கிக் கணக்கு பார்க்கிற மெஷினும் அதில் ஒன்று ஐயா என்றதும் சரி என்றுவிட்டார்.

இன்னும் 10இலேயே இருப்பவர்கள் காசு கட்டிப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வாங்கலாம். நிறுவனங்களுக்கு முதல் வருடம் ஒரு மெஷினுக்கு 61 டொலர், அடுத்த வருடம் 122, மூன்றாவது வருடம் 244. இரண்டாம் வருடத்தில் சேர்ந்தாலும் முதல் வருடக் காசையும் கட்டத்தான் வேண்டும். டொலரை 300 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள், மூன்று வருடத்துக்கு ஒரு மெஷினுக்கு 128,100 ரூபாய். அந்தக் காசுக்குப் பாவித்த மெஷின் நல்லதாகவே ஒன்று எடுக்கலாம். ஒரு வருடம் மூச்சு விட வேண்டுமென்றால் சரி, அதற்கு மேல் வீண்.

பாவித்தது வாங்குவதென்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைக்கிற சிப்) வேண்டும், செக்கியூர் பூட் (மெஷின் தொடங்கும்போதே கள்ள நிரல் ஏறாமல் தடுப்பது) வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷினில் "11 போட்டுத் தாறம் அண்ணே" என்று சொல்கிற பையன்கள் இருக்கிறார்கள். போடலாம்தான், ஆனால் அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் வருமென்று மைக்ரோசொஃப்ட் உறுதி சொல்வதில்லை. கடைக்கு அந்தக் குறுக்கு வழி வேண்டாம். மறுபக்கம், டிபிஎம் இல்லை என்று காட்டுகிற மெஷினை உடனே தள்ளிவிடவும் வேண்டாம், பல மெஷினில் அது பயோஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கிற அடிப்படை அமைப்பு) அணைத்துத்தான் கிடக்கும், இன்டெல் மெஷினில் பிடிடி என்ற பெயரில் தேடுங்கள். டிஸ்க்கைப் பழைய எம்பிஆர் முறையில் பிரித்துப் போட்டிருந்தால், செக்கியூர் பூட்டுக்கு வேண்டிய ஜிபிடி முறைக்கு விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டேட்டா அழியாமல் மாற்றலாம். பேக்கப் எடுத்துவிட்டுத்தான், அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி பில். எங்கள் பில் மூன்று கொப்பி, டொட் மற்றிக்ஸ் (ஊசியால் அடிக்கிற பிரின்டர்), துளை போட்ட தொடர் தாள். புது சிஸ்டத்தில் டிரைவர் (பிரின்டரை இயக்குகிற சொஃப்ட்வெயர்) போட்டதும் தாள் அளவு ஏ4 என்று நின்றது, வற் தொகை வருகிற கடைசி வரி அடுத்த பில்லின் தலையில் போய் விழுந்தது. பிரின்ட் சேர்வர் அமைப்பில் தாளின் அளவைப் புதிதாக உருவாக்கிக் கொடுத்த பிறகுதான் சரியானது. இன்னொன்று, கடைசியாகப் பாவித்த பிரின்டரையே முதன்மை பிரின்டராக விண்டோஸ் தானே மாற்றிக்கொள்கிற ஒரு தெரிவு செட்டிங்ஸில் இருக்கிறது. கவுன்டரில் அதை முதல் வேலையாக அணையுங்கள், இல்லாவிட்டால் பில் மேல்மாடி லேசரில் அடித்துக்கொண்டிருக்கும், கீழே வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டு நிற்பார்.

எங்கள் பில் தலைப்பு, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் இருக்கிறது, சிங்களத்துக்கும் அதே மாதிரிப் பழைய எழுத்துரு. அவை இல்லாத மெஷினில் கடைப் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். எழுத்துருவை இரட்டைக் கிளிக்கில் நிறுவினால் அந்த ஒரு பயனருக்கு மட்டும் போகிறது, அதனால் எல்லாப் பயனருக்கும் என்ற தெரிவைப் பாவியுங்கள்.

கடுப்பேற்றியது ஸ்கேனிங்தான். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு முதல் ப்ரோவில் கோப்புப் பகிர்வுக்குக் கையொப்பச் சோதனை (தகவலை வழியில் யாரும் மாற்றவில்லை என்று பார்ப்பது) கட்டாயம், கடவுச்சொல் இல்லாத விருந்தாளி நுழைவும் மூடியிருக்கிறது. பாதுகாப்புக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பழைய போட்டோ கொப்பி மெஷின் ஸ்கேன் செய்து போல்டருக்கு அனுப்புவது அன்றோடு நின்றது. அதற்காக அந்தப் பூட்டைத் திறந்துவிடாமல், ஸ்கேன் எல்லாம் மின்னஞ்சலுக்குப் போகும்படி மாற்றினோம். உங்களிடம் பழைய நாஸ் பெட்டி (நெட்வேர்க்கில் கோப்பு வைக்கிற டிஸ்க்) இருந்தால் மாறுவதற்கு முன்பே ஒரு மெஷினில் சோதித்துவிடுங்கள்.

சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றும்போது கணக்குக் கேட்கும். கடைப் பையனின் சொந்த மைக்ரோசொஃப்ட் கணக்கைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இப்போதைய பதிப்புகள் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிக் குறியாக்கம் செய்யும், மீட்புச் சாவி (அந்தப் பூட்டைத் திறக்கிற எண்) அந்தக் கணக்குக்குத்தான் போய்ச் சேரும். பையன் வேலையை விட்டுப் போனால் சாவியும் அவனோடு போகும். கடைப் பெயரில் ஒரு கணக்கு, சாவியைத் தாளில் அடித்துக் காசுப் பெட்டியில்.

நல்லது என்றால், பழைய மெஷினில் பாதியாவது தேறியது, பில் சொஃப்ட்வெயர் ஒரு வார்த்தை பேசாமல் ஓடுகிறது, கவுன்டர் பிள்ளைகளுக்கு ஸ்டார்ட் பட்டனை இடப்பக்கம் நகர்த்திக் கொடுத்ததும் முணுமுணுப்பு நின்றது.

மாறாத அந்த ஒன்று ஸ்டோரில் லேபல் அடிக்கிற மெஷின். விண்டோஸ் 11 64 பிட் மட்டும்தான், அந்த லேபல் பிரின்டருக்கு எங்களிடம் இருப்பது 32 பிட் டிரைவர், அது இதில் ஓடாது. இப்போதைக்கு நெட்வேர்க் கேபிளைக் கழற்றி வைத்து, விலைப் பட்டியலை பென் டிரைவில் கொண்டுபோகிறோம். பாவித்த லேபல் பிரின்டர் நியாய விலைக்குக் கொடுக்கிற இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், புறக்கோட்டைக்குக் கிட்டவாக இருந்தால் இன்னும் நல்லது.