என்ஸ்கிரிப்டா, பாப்ஸா?

வெள்ளவத்தையில் எங்கள் சிறு அலுவலகத்தில் ஒரு லினக்ஸ் கணினியும் பழைய லேசர் பிரிண்டரும் இருக்கின்றன. எழுத்துக் கோப்புகளை அச்சிட என்ஸ்கிரிப்ட் (enscript), பாப்ஸ் (paps) என்ற இரண்டு கட்டளைகளையும் பயன்படுத்துகிறேன்.

ஆங்கிலக் கோப்பென்றால் என்ஸ்கிரிப்ட்தான். கோப்பின் பெயர், திகதி, பக்க எண் மூன்றையும் கேட்காமலே பக்கத் தலையில் போட்டுவிடும். ‘-2’ சேர்த்தால் ஒரே பக்கத்தில் அருகருகே இரண்டு பத்திகள், தாளும் மிச்சம்.

தமிழென்றால் கதை வேறு. தமிழ் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 (UTF-8) குறியீட்டு முறை என்ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. போன வாரம் முகவரிப் பட்டியலொன்றை அதனிடம் கொடுத்தேன். ‘கொழும்பு’ இருக்கவேண்டிய இடத்தில், தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் (à) வணிகக்குறி வட்டமும் (®) மாறி மாறி வரிசை கட்டி நின்றன. மூன்று தாள் குப்பைக்கு.

பாப்ஸ், பல மொழி எழுத்துகளை ஒழுங்காக அமைக்கும் பாங்கோ (Pango) என்ற மென்பொருள் நூலகத்தைக் கொண்டு எழுத்தை வரைகிறது. அதனால் ‘கொ’வின் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் ஒழுங்காக நிற்கும். கணினியில் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும். இல்லையேல் வெறும் கட்டங்கள்தான். பாப்ஸ் தானாக அச்சிடாது, வெளியீட்டைப் பிரிண்டருக்கு அனுப்பும் எல்பிஆர் (lpr) கட்டளைக்குத் தள்ளிவிட வேண்டும். பக்கத் தலைப்பும் கேட்டால்தான் வரும். கொஞ்சம் சோம்பேறி, ஆனாலும் தமிழுக்கு அதையே வைத்திருக்கிறேன்.