ஹெப்ரிடியன் வே: சில வருடங்களாக ஓட்டிப் பார்த்ததில்

ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக்கில் வரிசையாகக் கிடக்கும் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளைத் தெற்கிலிருந்து வடக்காகக் கோக்கும் சைக்கிள் பாதைதான் ஹெப்ரிடியன் வே. தெற்கே வாட்டர்சே தீவில் தொடங்கி, வடக்கே லூயிஸ் தீவின் வடமுனைக் கலங்கரை விளக்கத்தில் முடிகிறது. 10 தீவுகள், சுமார் 297 கிலோமீட்டர். 2016இல் இதைத் தொடங்கிவைத்த நெடுந்தூர சைக்கிள் வீரர் மார்க் பியூமான்ட் 24 மணி நேரத்துக்குள் ஓட்டி முடித்தார். நம்மைப் போன்றவர்களுக்கு ஐந்தாறு நாள் தேவை. சைக்கிளில் சில வருடங்களாக இங்கே போய்வருகிறேன். தூரத்தை நினைத்துப் பயப்பட ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது ஃபெர்ரி நேரமும் காற்றும்தான்.

முதலில் ஃபெர்ரி. ஸ்காட்லாந்துக் கரையில் உள்ள ஓபன் துறைமுகத்திலிருந்து பாரா தீவின் காசில்பேவுக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான கடல் பயணம். பாதைக்குள்ளேயே இன்னும் இரண்டு உண்டு: பாராவிலிருந்து எரிஸ்கேவுக்கு 40 நிமிடம், பெர்னரேயிலிருந்து ஹாரிஸின் லெவர்பர்க்குக்கு ஒரு மணி நேரம். மற்ற தீவுகளுக்கு நடுவே பெரும்பாலும் கடலில் கல்லைக் கொட்டிச் சாலையே போட்டுவிட்டார்கள். சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆளுக்கு மட்டும் டிக்கெட். கார்த்தளத்தின் ஓரத்தில் கம்பியோடு கயிற்றால் கட்டிவிட்டு மேலே ஏறிவிடலாம். லெவர்பர்க் ஃபெர்ரியில் மட்டும் உள்ளே உட்கார்ந்துவிடாதீர்கள். கடல் ஆழமில்லாமல் பாறைகளாக இருப்பதால், மிதவைகளைப் பார்த்துப் பார்த்து இடமும் வலமுமாக வளைந்து போகும் அழகே தனி.

நாள் கணக்கைக் கிலோமீட்டரில் போடாமல் ஃபெர்ரியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். பெர்னரே படகைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் காத்திருக்க நேரலாம். கடல் கொந்தளித்தால் படகே ரத்தாகும். அதனால் ஒரு நாளாவது கையிருப்பில் வேண்டும்.

காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். எல்லாரும் வடக்கு நோக்கிப் போவது அதனால்தான். சவுத் யூயிஸ்ட், பென்பெகுலா பக்கம் மேடே இல்லாத சாலை. ஆனால் ஒதுங்க மரமும் இல்லை. காற்று திரும்பிவிட்டால் சமதளத்திலேயே மலை ஏறுவதுபோல் மிதிக்க வேண்டும். நிஜமான ஏற்றம் ஹாரிஸில், டார்பர்ட் ஊரைத் தாண்டி கிளிஷம் மலையடியில் வருகிறது. சுமையோடு போகிறவர்களுக்குச் சின்ன கியர் கட்டாயம். எனக்கென்னவோ யூயிஸ்ட்டின் எதிர்காற்றைவிட இந்த ஏற்றமே மேல். எங்கே முடியும் என்றாவது தெரியும்.

இனி சைக்கிள். உப்புக்காற்றும் கடற்கரை மணலும் சேர்ந்து செயினை இரண்டே இரவில் ஆரஞ்சு நிறமாக்கிவிடும். மாலையில் கூடாரம் போட்டதும் பழைய துணியால் செயினை அழுத்தித் துடைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தையும் துடைத்துவிடுவேன். துடைக்காமல் விட்டால் அந்த எண்ணெயே மணலைப் பிடித்துவைக்கும். சக்கர வளையத்தையே கவ்விப் பிடிக்கும் ரிம் பிரேக்கில் ஈர மணல் புகுந்து கரகரவென்று தேய்த்ததில் பிரேக் கட்டைகள் சீக்கிரமே தீர்ந்தன. சக்கர நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. 35 மில்லிமீட்டர் டயர் தாராளம், பாதை முழுக்கத் தார்ச்சாலைதான். வாய் சுருட்டி மூடும் பைகள் வருடங்கள் கழித்தும் ஒழுகவில்லை. கொக்கிகளின் திருகு மட்டும் துருப்பிடித்து, மாற்ற வேண்டியதாயிற்று.

சாப்பாட்டு விஷயம் சுருக்கமாக: ஹாரிஸ், லூயிஸில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறக்காது. சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். அப்புறம், ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகிய சாலைகளில் பின்னால் கார் வந்தால் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிடுங்கள்; ஓட்டுநர் கையசைத்துவிட்டுப் போவார்.

குறை என்று சொன்னால், பாதை முடியும் இடம்தான். கலங்கரை விளக்கத்தோடு 297 கிலோமீட்டர் முடிந்துவிடும். வீடு திரும்ப வேண்டிய கப்பலோ ஸ்டோர்னோவேயில், இன்னும் 45 கிலோமீட்டர் தள்ளி நிற்கும். அதில் பார்வாஸ் என்ற ஊர் வரை தென்மேற்காகவே போக வேண்டும். அத்தனை நாள் முதுகில் தள்ளிய காற்று அங்கே நேராக முகத்தில் அடிக்கும். இந்தத் தூரத்தை யாரும் கணக்கில் சொல்வதில்லை. இதற்கென்று அரை நாள் ஒதுக்குங்கள், மறுநாள் கப்பலுக்கு டிக்கெட் போடுங்கள்.