இரண்டு ப்ரெபொசிஷன் சேர்ந்து வரும் பாஸ்ட் டென்ஸ்: நாகர்கோவில் வார இறுதி வகுப்பும் அதன் நோட்ஸும்

'ரேன் அவுட் ஆவ்' (கையிருப்பு தீர்ந்தது), 'புட் அப் வித்' (பொறுத்துக்கொண்டது), 'லுக்ட் ஃபார்வேர்ட் டு' (ஆவலோடு எதிர்பார்த்தது). வினைச்சொல்லுக்குப் பின்னால் இரண்டு குட்டிச் சொற்கள் அடுத்தடுத்து நிற்கும் இந்த அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு எட்டு வகுப்பு நடத்தும் இடம் குமரி மாவட்டத்தில் அபூர்வம். வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு மாடி ட்யூஷன் சென்டரில் சனி, ஞாயிறு நடக்கிறது. ஒரு வகுப்பு ஒன்றரை மணி நேரம். கூடவே ஸ்பைரல் பைண்டிங் போட்ட 64 பக்க நோட்ஸ். வகுப்புக்கு 5க்கு 4 மதிப்பெண், நோட்ஸுக்கு 2 மட்டுமே. சொல்லிக்கொடுப்பவர் வாயால் சரியாகச் சொல்வதை அச்சடித்த தாள் பல இடங்களில் கெடுத்துவிடுகிறது.

முதலில் நல்லது. பெரும்பாலான ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் நீளமான பட்டியலைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும். இங்கே முதல் நாள் பட்டியலே கிடையாது. ஒரே ஒரு வாக்கியம்: பூனை கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. இதை ஐந்து துண்டுத்தாள்களில் எழுதுகிறார்கள்: கட்டில், அடி, இருந்து, வெளியே, வந்தது. பிறகு கடைசித் தாளிலிருந்து முதல் தாள் வரை தலைகீழாக வாசிக்கச் சொல்கிறார்கள். வந்தது, வெளியே, இருந்து, அடி, கட்டில். ஆங்கிலமும் அப்படியே வருகிறது: 'கேம் அவுட் ஃப்ரம் அண்டர் தி காட்'. ஒரு துண்டுகூட இடம் மாறவில்லை. தமிழில் வேற்றுமை உருபும் இடச்சொல்லும் பெயருக்குப் பின்னால் நிற்கும், ஆங்கிலத்தில் முன்னால் நிற்கும். மற்றபடி அடுக்கு அதே அடுக்குதான். விளவங்கோடு பக்கத்திலிருந்து வருகிற, வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளுக்கும் இதே கணக்கு பொருந்தும், ஏனென்றால் அங்கும் 'கட்டில், அடி, நின்னு' என்ற வரிசைதான்.

2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் பயிற்சிக்கு வந்துவிட்டது. விவேகானந்தர் பாறையிலிருந்து திருவள்ளுவர் சிலைக்கு நடந்து போனார்கள்: 'தே வாக்ட் ஃப்ரம் தி ராக் ஓவர் டு தி ஸ்டேச்சூ'. இதில் 'ஓவர்' போகும் வழியைச் சொல்கிறது, 'டு' போய்ச்சேரும் இடத்தைச் சொல்கிறது. இலக்கணப்படி முதலாவது வினையோடு சேரும் அட்வர்ப், இரண்டாவதுதான் பெயரோடு சேரும் ப்ரெபொசிஷன். இரண்டையும் 'ப்ரெபொசிஷன்' என்று ஒரே பெயரில் அழைப்பதால் பாதிக் குழப்பம் வருகிறது. வகுப்பில் இதை 'வினையின் ஆள்', 'பெயரின் ஆள்' என்று பிரித்துச் சொல்கிறார்கள். நல்ல பெயர்கள்.

மூன்றாம் வகுப்பில் இறந்த காலம். 'லுக் ஃபார்வேர்டட் டு' என்று எழுதாத மாணவர் நம் ஊரில் குறைவு. கவனக்குறைவு இதற்குக் காரணமில்லை. 'பொறுத்துக்கொண்டான்', 'தப்பித்துவிட்டான்' என்று தமிழில் கூட்டு வினை வரும்போது காலமும் ஆளும் கடைசித் துண்டில்தான் முற்றுப்பெறும். கொண்டான், கொள்கிறான், கொள்வான் என்று மாறுவது வால்தான். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் கை வாலைத் தேடிப் போகிறது. ஆங்கிலத்தில் காலம் தலையில். 'லுக்' மட்டும் 'லுக்ட்' ஆகும். 'ஃபார்வேர்ட்', 'டு' இரண்டும் கல்லாக நிற்கும். கேள்வியிலும் எதிர்மறையிலும் 'டிட்' வந்து காலத்தை வாங்கிக்கொண்டால் வினை பழைய உருவத்துக்குத் திரும்பும்: 'டிட் யூ ரன் அவுட் ஆவ் சால்ட்?' அங்கே 'ரேன்' வரக்கூடாது. 'புட்', 'கட்' இரண்டும் இறந்த காலத்திலும் மாறாதவை. 'ஹீ கட் டவுன் ஆன் ஷுகர்' என்றால் குறைத்தார், 'ஹீ கட்ஸ்' என்றால் குறைக்கிறார். கடைசி 'ஸ்' ஒன்றுதான் வித்தியாசம். இந்த இடத்தை வகுப்பில் பத்து நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். இன்னும் நேரம் கொடுக்கலாம்.

'ரேன் அவுட் ஆவ்' பற்றிய பகுதிதான் இந்த வகுப்பின் சிகரம். கடையில் ஏத்தன் (நேந்திர வாழை) சிப்ஸ் தீர்ந்துபோச்சு என்கிறோம், தீர்ந்தது சிப்ஸ். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு வழி. சிப்ஸை எழுவாயாக வைத்தால் 'தி சிப்ஸ் ரேன் அவுட்', அதோடு முடிந்தது, 'ஆவ்' கிடையாது. கடைக்காரரை எழுவாயாக வைத்தால் 'தே ரேன் அவுட் ஆவ் சிப்ஸ்'. 'சிப்ஸ் ரேன் அவுட் ஆவ்' என்று முடிப்பவர் தமிழ் வாக்கியத்தின் எழுவாயை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தின் வாலை ஒட்டுகிறார். எழுவாய் தீர்ந்த பொருளா, அதை வைத்திருந்த ஆளா என்று முதலில் கேட்டுக்கொண்டால் தவறு நின்றுவிடும்.

அடுத்தது ஒலி. ஐந்தாம், ஆறாம் வகுப்புகள் முழுக்க இதற்குத்தான், இதற்காகவே சேரலாம். அழுத்தம் முதல் குட்டிச்சொல்லில் விழும். இரண்டாவது ஏறக்குறைய கரைந்துவிடும். 'புட் *அப்* வித்', 'ரேன் *அவுட்* ஆவ்'. நாம் மூன்றையும் ஒரே எடையில் சொல்வதால்தான் கேட்பவருக்குப் புரியத் தாமதமாகிறது. வினையின் முடிவில் வரும் 'இ', 'டி' எழுத்துகள் 'இட்' என்று தனி அசையாவது ட-வின் வல்லொலி, மெல்லொலி இரண்டுக்கும் பிறகு மட்டும். 'லுக்ட்', 'பேக்ட்', 'ட்ராப்ட்' எல்லாம் ஓரசை. அதில் வருவது 'பட்டு'வின் வல்லொலி. 'கால்ட்', 'மூவ்ட்' வகை வினைகளில் வருவது 'பாடு'வின் மெல்லொலி. 'லுக்கெட்' என்று ஈரசையாக்குவதுதான் நம் பக்கத்துப் பிழை.

அதன்பின் உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் அந்த 'ட்' அதோடு ஒட்டிக்கொள்ளும். உடலும் உயிரும் புணர்வது நமக்குப் புதிதல்ல. 'பால் ஆறு' பாலாறு ஆவதுபோல 'பேக்ட் அவுட் ஆவ்' (பின்வாங்கினான்) 'பேக்டவுட்டவ்' ஆகிறது, 'ட்ராப்ட் இன் ஆன்' (சொல்லாமல் போய்ப் பார்த்தான்) 'ட்ராப்டினான்' ஆகிறது. மெய்யெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் நேர் எதிர்: 'லுக்ட் டவுன் ஆன்' என்பதில் 'ட்' கிட்டத்தட்டக் காணாமல் போகும். வேகமாகப் பேசுபவரிடம் அது நிகழ்காலமா இறந்த காலமா என்று காதால் பிரிக்க முடியாது. வாக்கியத்தில் 'யெஸ்டர்டே' போன்ற காலச்சொல் இருக்கிறதா என்று தேட வேண்டும். லிஸனிங் தேர்வு எழுதுபவர்களுக்கு இதைச் சொல்லித்தருவது பெரிய உதவி.

இனி நோட்ஸ். முதல் குறை, 'ஆவ்', 'ஆஃப்' இரண்டையும் தமிழில் 'ஆஃப்' என்றே அச்சடித்திருப்பது. இரண்டும் வேறு சொற்கள், வேறு ஒலிகள். பஸ்ஸிலிருந்து இறங்கினால் 'காட் ஆஃப்', காரிலிருந்தோ ஆட்டோவிலிருந்தோ இறங்கினால் 'காட் அவுட் ஆவ்'. நோட்ஸைப் படித்துப் பழகியவர் இரண்டாவதையும் 'அவுட் ஆஃப்' என்று காற்றை ஊதியே சொல்வார். பேனாவை எடுத்து நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குறை பெரியது. 'கோப்ட் அப் வித்' என்பதைச் சரியான தொடராகப் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. 'கோப்ட் வித்' (சமாளித்தான்) மட்டுமே. 'கெப்ட் அப் வித்' (ஈடுகொடுத்தான்) என்பதோடு கலந்து பிறந்த பிழை இது, இந்தியா முழுக்கப் பரவியிருக்கிறது. அதே பக்கத்தில் 'ரிட்டர்ன்ட் பேக் டு' வேறு: 'ரிட்டர்ன்' என்பதிலேயே திரும்புதல் இருக்கிறது, 'ரிட்டர்ன்ட் டு' அல்லது 'கேம் பேக் டு' போதும். 'பாஸ்ட் அவுட் ஆவ் காலேஜ்' நம் நாட்டில் படிப்பை முடித்ததற்குச் செல்லும். வெளிநாட்டு இன்டர்வியூவில் 'பாஸ்ட் அவுட்' என்றால் மயங்கி விழுந்ததாகப் புரிந்துகொள்வார்கள். 'கிராஜுவேட்டட் ஃப்ரம்' என்று சொல்வதே பாதுகாப்பு.

கடைசி இருபது பக்கம் அகரவரிசைப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தமிழ்ப் பொருள். 'லுக்ட் டவுன் ஆன்' என்பதற்குக் 'கீழே பார்த்தான்' என்று மட்டும் போட்டால் இளக்காரமாக நினைத்தான் என்ற முக்கியப் பொருள் போய்விடுகிறது. 'காட் ஆன் வித்' வேலையைத் தொடர்ந்தான் என்றும் வரும், ஒத்துப்போனான் என்றும் வரும். பட்டியலை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு தொடரையும் ஓர் ஆளோடும் ஒரு பொருளோடும் சேர்த்து இரண்டு வாக்கியம் எழுதிப் பார்ப்பது மேல்.

செயப்படுபொருள் எங்கே வரும் என்பதற்கு நோட்ஸ் தரும் விதி பாதி சரி: கடைசிச் சொல்லுக்குப் பின்னால்தான் என்கிறது. 'புட் அப் வித் இட்' சரி, 'புட் இட் அப் வித்' தவறு. ஆனால் இரண்டு பெயர்ச்சொல்லைத் தாங்கும் தொடர்கள் உண்டு. 'ஷீ டுக் இட் அவுட் ஆன் ஹிம்': தன் கோபத்தை அவன்மேல் காட்டினாள். 'தே டாக்ட் ஹர் அவுட் ஆவ் இட்': பேசிப் பேசியே அவளை அதிலிருந்து விலக்கினார்கள். இங்கே ஒன்று வினைக்குப் பக்கத்திலும் இன்னொன்று கடைசியிலும் வந்தே ஆக வேண்டும். இந்த வகையைப் பற்றி நோட்ஸில் ஒரு வரிகூட இல்லை. வகுப்பில் கேட்டால் விளக்குகிறார்கள்.

'லுக்ட் ஃபார்வேர்ட் டு' வந்தால் அடுத்த வினை 'மீட்டிங்', 'சீயிங்' என்றுதான் வர வேண்டும், 'மீட்' அல்ல. அங்குள்ள 'டு' பெயரின் ஆள். சோதிக்க எளிய வழி: வினைக்குப் பதில் 'தி ஹாலிடே' என்று ஒரு பெயரைப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் 'இங்' வரும். செயப்பாட்டு வினையில் இரண்டு சொற்களும் அப்படியே வாலில் தங்கும்: 'ஹீ வாஸ் லுக்ட் டவுன் ஆன்'. ஒன்றை விட்டாலும் வாக்கியம் நொண்டும்.

ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதப்போகும் நர்ஸ்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். நோயாளியிடம் பேசும்போது 'கேம் டவுன் வித்', 'கட் டவுன் ஆன்' இயல்பாக இருக்கும். டாக்டருக்கு எழுதும் கடிதத்தில் இவை பேச்சு வாடை அடிக்கும். 'டெவலப்ட்', 'ரெட்யூஸ்ட்' என்று ஒற்றைச் சொல்லாக எழுதுவதே முறை. அதோடு 'கேம் டவுன் வித்' காய்ச்சல், சளி போன்ற நோய்க்குத்தான், எலும்பு முறிவுக்கு வராது. இந்தப் பேச்சு, எழுத்து வேறுபாட்டை வகுப்பில் தொடவே இல்லை. ஒரு மதிப்பெண் குறைத்தது இதற்காக.

சேர்வதென்றால் காலை பேட்ச்சைக் கேளுங்கள். மாலையில் ஜன்னல் பக்கம் பஸ் ஹாரன் சத்தத்தில் 'ட்' ஒட்டுகிறதா விழுகிறதா என்று காதுக்கு எட்டாது. முன் இரண்டு பெஞ்சுக்குள் உட்காருங்கள். ஐந்தாம் வகுப்பைத் தவறவிட்டால் ஆறாவது புரியாது. அடுத்த பேட்ச்சில் அந்த ஒரு நாள் மட்டும் வந்து உட்கார அனுமதிக்கிறார்கள், பணம் கட்டும்போதே அதைப் பேசி வைத்துக்கொள்ளவும்.