மருமகளுக்குத் தமிழ் வாசிக்க ஸ்டோரிவீவர்

பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர், குழந்தைகளுக்கான இணையக் கதைத் தளம். புணேயிலிருந்து வந்த என் மருமகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுக்க நான் அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கட்டணம் கிடையாது. கதைகள் திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சிட்டும் வைத்துக்கொள்ளலாம்.

முன்பு வேறொரு செயலியைக் காசு கொடுத்து வாங்கினோம், பெயர் வேண்டாம். சொல்லுக்குச் சொல் மணி அடிக்கும், நட்சத்திரம் கொட்டும், முழு வாக்கியம் மட்டும் கண்ணில் படாது. எம்.ஏ. படித்த பெண்ணுக்கு நட்சத்திரம் எதற்கு?

ஸ்டோரிவீவரில் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு படம், கூடவே சில வரிகள். பாதிப் பொருளைப் படமே சொல்லிவிடுகிறது. அதைவிடப் பெரிய வசதி, ஒரே கதை பல மொழிகளில் இருப்பது. முதலில் மராத்தியில் படித்துவிட்டுத் தமிழில் திறப்பாள். கதை தெரிந்திருப்பதால் கவனம் எழுத்தில் நிற்கிறது. எல்லாக் கதைகளும் இரண்டிலும் கிடைக்காது, தேடித்தான் எடுக்க வேண்டும்.

‘ள’ அவளுக்குச் சிக்கலில்லை, மராத்தியிலேயே உண்டு. எகரமும் ஏகாரமும்தான் பாடாய்ப் படுத்துகின்றன. அங்கே அந்தக் குறில், நெடில் வேறுபாடு இல்லை. ‘கொடு’ என்பதில் ககரத்துக்கு முன்னும் பின்னும் குறி நிற்பதைப் பார்த்து, “இடமிருந்து வலம் என்றீர்களே அத்தை?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்! கைபேசியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒன்றுபோலவே தெரிகின்றன. டேப்லெட்டைப் படுக்கைவாட்டில் வைத்துப் படிப்பதே நல்லது.

கதைகளுக்குத் தளம் கொடுத்திருக்கும் வாசிப்பு நிலைகளை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். முதல் நிலை 250 சொற்களுக்குள், இரண்டாம் நிலை 600 வரை என்பது வீட்டில் மொழியைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கான கணக்கு. ‘தொபுக்கடீர்’, ‘சளசள’ எல்லாம் குழந்தைக்குச் சிரிப்பு மூட்டும். பெரியவளாகி மொழி கற்பவள் அங்கேயே நின்றுவிடுவாள். இரண்டாம் நிலையில் உரையாடல் நிறைந்த கதைகள் எங்களுக்குச் சரியாக அமைந்தன. யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்துச் சேர்க்கலாம் என்பதால் நடை கதைக்குக் கதை மாறும். எனவே நான் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டே அவளிடம் கொடுக்கிறேன்.

இப்போது மூன்றாம் நிலைக்கு வந்திருக்கிறாள். பத்தி நீண்டால் திரையில் வரி தவறுகிறது. அவற்றை மட்டும் அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறேன்.