ஏலகிரியா, ஜவ்வாதா? ஆபீஸ் கூட்டத்தோடு கூடாரம் போட எந்த மலை

சனிக்கிழமை காலையில் புதுச்சேரியில் வண்டி எடுத்து, ஞாயிறு ராத்திரி வீடு வந்து, திங்கள் ஒன்பது மணிக்கு ஆபீசில் உட்கார வேண்டும். இந்தக் கணக்குக்குள் அடங்கும் மலைகள் என்று பார்த்தால் கல்வராயன், ஜவ்வாது, ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, அவ்வளவுதான். ஊட்டி போலாமா என்று குரூப்பில் ஒருத்தர் கட்டாயம் கேட்பார், கண்டுகொள்ளாதீர்கள், பாதி லீவு வண்டியிலேயே போய்விடும். எங்கள் டீம் ஜவ்வாதிலும் கூடாரம் போட்டிருக்கிறது, ஏலகிரியிலும் போட்டிருக்கிறது. என் ஓட்டு ஏலகிரிக்குத்தான். காரணம் குளிரோ காட்சியோ இல்லை, கழிவறை. சிரிக்காமல் மேலே படியுங்கள்.

முதலில் மற்ற மூன்றையும் முடித்துவிடுகிறேன். கொல்லிமலைக்குக் காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. டெம்போ டிராவலரின் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர் மேலே போய்ச் சேரும்போது பேசும் நிலையில் இருக்க மாட்டார். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படி இறங்கி, அதையே திரும்ப ஏறவும் வேண்டும். ரெண்டு ராத்திரி தங்க முடிந்தால் போங்கள், ஒரு ராத்திரிக்கு வேண்டாம். ஏற்காடு 1,515 மீட்டர், குளிர் நிச்சயம், ஆனால் சேலம் வரை போய் ஏற வேண்டும், அவ்வளவு தூரம் போனால் எங்கள் ஆட்கள் ரூம்தான் கேட்பார்கள். கல்வராயன் விழுப்புரம், கள்ளக்குறிச்சி வழியாகக் கிட்டத்தில் இருக்கிறது, மேகம் அருவி, பெரியார் அருவி எல்லாம் உண்டு. நான் பகலில் போய் வந்ததோடு சரி, ராத்திரி தங்கியதில்லை, அதனால் அதற்கு மார்க் போடப் போவதில்லை.

ஜவ்வாது அழகில் எங்கேயோ இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. போளூரில் இருந்து ஜமுனாமரத்தூர் ஏறும்போதே காற்று மாறிவிடும். வழியெல்லாம் சாமை வயல், பலா மரம், தேன் விற்பவர்கள். ராத்திரி வானம் அப்படி ஒரு கருப்பு. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருப்பது இந்த மலையில்தான். 1977இல் யுரேனசின் வளையங்களைக் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு. கடற்கரைச் சாலை விளக்கிலேயே வளர்ந்தவர்கள் அங்கே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு அரை மணி நேரம் போனைத் தொடவே இல்லை, எங்கள் மேனேஜர் உட்பட. வானாய்வகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களை விடுவது வழக்கம், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். காட்டுக்குள்ளேயே போய்க் கூடாரம் அடிக்கலாம் என்று ஒரு தம்பி ஆரம்பிப்பான். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் அது நடக்காது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு என்றே அரசு தனி விதிகள் போட்டது. ஆகவே கேம்பிங் என்று விளம்பரம் வருவதில் பெரும்பாலானவை யாரோ ஒருவரின் பட்டா நிலமோ ரிசார்ட் புல்வெளியோதான். நிலம் தனியாருடையது என்றால் அங்கே இருக்கும் வசதியும் அவர் கட்டி வைத்ததுதான், கழிவறை விஷயம் இங்கேதான் வருகிறது.

ஜவ்வாதில் நாங்கள் தங்கியது ஒரு விவசாய நிலம். இடம் அருமை, சாப்பாடு அருமை, களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் இன்னும் நாக்கில் நிற்கிறது. கழிவறை என்று இருந்தது தகரம் அடித்த ஒற்றை அறை, கூடாரத்தில் இருந்து நல்ல தூரம், நடுவில் விளக்கு கிடையாது. ஏறக்குறைய பதினைந்து பேருக்கு அது ஒன்றுதான். மோட்டார் போட்டால் தொட்டியில் தண்ணீர், கரண்ட் போனால் பக்கெட். ஆண்கள் நாங்கள் எப்படியோ ஓட்டிவிட்டோம். திரும்பி வரும்போதுதான் பில்லிங்கில் இருக்கும் அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "நான் மதியத்துல இருந்து தண்ணியே குடிக்கல, நைட் எழுந்து போக வேணாம்னு." பக்கத்தில் இருந்த இன்னும் ரெண்டு பேர் நானும் அப்படித்தான் என்றார்கள். நட்சத்திரம் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்த ராத்திரியில் டீமில் மூன்று பெண்கள் தாகத்தோடு படுத்திருக்கிறார்கள். அடுத்த டிரிப்புக்கு இடம் பார்க்கும் வேலையை ஆபீசில் அந்த அக்காவிடமே கொடுத்தார்கள். அவர் போன் போட்டுக் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

டாய்லெட் இருக்கா என்று கேட்டால் எல்லோரும் இருக்கு என்றுதான் சொல்வார்கள், அந்தக் கேள்வியே வீண். எத்தனை இருக்கிறது, அன்றைக்கு வேறு குரூப் புக்கிங் உண்டா, அவர்களும் இதையேதான் பயன்படுத்துவார்களா என்று கேட்க வேண்டும். அஞ்சாறு பேருக்கு ஒன்றாவது வேண்டும், இல்லையென்றால் காலை ஆறு மணிக்கு ரேஷன் கடை க்யூதான். உள்தாழ்ப்பாள் போடுகிறதா? அக்கவுண்ட்ஸ் அண்ணனுக்கு முட்டி வலி, வெஸ்டர்ன் ஒன்றாவது இருக்கிறதா? நாப்கின் போட மூடி வைத்த குப்பைக்கூடை உண்டா? கரண்ட் போனால் தண்ணீர் எப்படி வரும்? கடைசியாக, ராத்திரி நேரத்தில் கூடாரத்தில் இருந்து கழிவறை வரை நடந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார். ஜவ்வாதில் அவர் கூப்பிட்ட இடங்களில் யாரும் அனுப்பவில்லை. ஏலகிரியில் ரெண்டு இடத்தில் இருந்து அன்றைக்கே வந்துவிட்டது.

இதற்கு ஏலகிரிக்காரர்கள் நல்லவர்கள் என்று அர்த்தமில்லை. அது பல வருடமாகச் சுற்றுலாவிலேயே பிழைக்கும் ஊர். அத்தனாவூர் பக்கம் கூடாரம் போடுகிற இடங்களில் பலதும் ஏற்கெனவே அறைகளோடு நடக்கும் ரிசார்ட்டுகள். அதனால் அங்கே ஒரு வேலை செய்யலாம்: எல்லோருக்கும் கூடாரம், கூடவே ரெண்டே ரெண்டு ரூம். ரூமில் யாரும் படுக்க வேண்டியதில்லை. ஒன்று பெண்களுக்கு, ஒன்று ஆண்களுக்கு, குளிக்க, உடை மாற்ற, போன் சார்ஜ் போட. செலவைத் தலைக்குப் பிரித்தால் பெரிதாகத் தெரியாது. ராத்திரி தலைவலி வந்தவர், குளிர் தாங்காதவர், கூடாரத்தில் தூக்கம் வராது என்று அங்கே போய்க் கண்டுபிடித்தவர், எல்லோருக்கும் அது புகலிடம். கேம்பிங்கின் சுவையே போய்விடும் என்று அந்தத் தம்பி முறைத்தான். காலையில் வெந்நீரில் குளித்து முதலில் வந்து நின்றவனும் அவன்தான்.

மற்றபடி ஏலகிரியில் பெரிய அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். பொன்னேரியில் இருந்து 14 வளைவு, ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை, நம்ம ஊர் பாவேந்தர் பெயரிலும் ஒன்று உண்டு. உயரம் சுமார் 1,100 மீட்டர். புங்கனூர் ஏரியில் படகுக்கு வரிசை, சென்னையில் இருந்தும் பெங்களூருவில் இருந்தும் வண்டிகள், பக்கத்துக் கும்பலின் ஸ்பீக்கர் சத்தம். வானம் ஜவ்வாதில் பாதிகூட இல்லை. சுவாமிமலை ஏற்றம் மட்டும் காலையில் ஏறினால் நன்றாக இருக்கும். மார்கழி, தை ராத்திரிகளில் பனி இறங்கிக் கூடாரத்துணி நனையும், கம்பளிக் குல்லா எடுத்துப் போங்கள். மழைக்காலத்தில் போனதில்லை, அப்போது எப்படி என்று வேறு யாராவதுதான் சொல்ல வேண்டும்.

எந்த மலையாக இருந்தாலும் நமக்கு மட்டும் ஒரு தலைவலி உண்டு. புதுச்சேரிப் பதிவான பிஒய் நம்பர் வண்டி என்றாலே தமிழ்நாட்டு மதுவிலக்கு போலீஸ் நிறுத்திப் பையைத் திறந்து பார்ப்பார்கள். அங்கே விலை அதிகம் என்று யாராவது பாட்டிலை ஸ்லீப்பிங் பேக்கில் சுருட்டி வைத்தால், மாட்டுவது அவர் மட்டும் இல்லை, வண்டியும்தான். கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வாடகை வண்டி என்றால் தமிழ்நாட்டுக்குள் போக பர்மிட் இருக்கிறதா என்றும் டிரைவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, தேதி குறிக்கும் முன் காலண்டரில் பௌர்ணமியைப் பாருங்கள். ஏலகிரிக்கு திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், திருப்பத்தூர் என்றுதான் போவோம், கிரிவலக் கூட்டத்தில் மாட்டினால் ஞாயிறு ராத்திரி வீடு வருவது எத்தனை மணிக்கோ தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் ஜவ்வாதுக்குத்தான் மார்க், செஞ்சியில் இருந்து சேத்துப்பட்டு வழியாகப் போளூர் போய்விடலாம், திருவண்ணாமலையைத் தொடவே வேண்டாம்.