சூரையா, கொடுவாவா: செல்லுக்குள் நடக்கும் சக்திக் கணக்கு

விடியற்காலையில் காசிமேட்டில் மீன் வெட்டித் தரும் அக்காவிடம் சூரையையும் கொடுவாவையும் அடுத்தடுத்து நறுக்கச் சொல்லிப் பாருங்கள். சூரை மாட்டுக்கறி போலச் சிவந்திருக்கும், கொடுவா வெள்ளை வெளேர். செல்கள் சக்தி எடுக்கும் இரண்டு வழிகளும் ஒரே பலகையில் கிடக்கின்றன.

சூரை நிற்காமல் நீந்தும் மீன். நீந்தினால்தான் செவுளுக்குள் தண்ணீரே போகும். அதற்கு ஆக்சிஜன் வழிதான் கட்டுப்படியாகும். ஒரு குளுக்கோஸை, செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் முழுசாக எரித்தால், செல் செலவழிக்கும் சக்திக் காசான ஏடிபி சுமார் 30 கிடைக்கும் (பழைய பாடப்புத்தகங்களில் 36, 38 என்று இருக்கும்). அந்தச் சிவப்பு நிறம், தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் தருவது.

கொடுவா பதுங்கியிருந்து பாயும். பாய்கிற நொடியில் ரத்தம் ஆக்சிஜன் கொண்டுவரட்டும் என்று காத்திருக்க முடியாது. வெள்ளைத் தசை குளுக்கோஸைப் பாதியில் உடைத்து 2 ஏடிபி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை லாக்டேட்டாக (லாக்டிக் அமிலம் என்று பலரும் சொல்வது இதைத்தான்) ஒதுக்கிவிடுகிறது.

30 பெரிசா, 2 பெரிசா என்று கேட்டால் டியூஷன் பிள்ளைகள் உடனே 30 என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு குளுக்கோஸுக்கு எவ்வளவு என்பது ஒரு கேள்வி, ஒரு நொடிக்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி. இரண்டாவதில் ஆக்சிஜன் இல்லாத வழிதான் முந்துகிறது. வியாசர்பாடி மைதானத்தில் பந்தைத் துரத்தி முழு வேகத்தில் ஓடும் பையனின் தொடையும் பெருமளவு இதைத்தான் நம்புகிறது. ஆட்டம் முழுக்க ஓடித் தாக்குப்பிடிக்க அவனுக்குச் சூரையின் வழி வேண்டும்.

வேகத்துக்கு விலை உண்டு. பாய்ந்து களைத்த மீனின் தசையில் சேரும் லாக்டேட் தீர மணிக்கணக்கில் ஆகலாம். ஆனால் அதைக் கழிவு என்று சொல்லாதீர்கள். நம் உடம்பில் இதயம் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது, கல்லீரல் அதைத் திரும்பவும் குளுக்கோஸாக்குகிறது. 1947இல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்டி கோரி, கார்ல் கோரி தம்பதியின் பெயரால் இதைக் கோரி சுழற்சி என்கிறோம். அப்புறம், ஆடிய மறுநாள் கால் வலிப்பதற்கும் லாக்டிக் அமிலம் காரணமில்லை. நம் உடம்பில் அது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

என்னை மிகவும் வியக்க வைப்பது நம் ரத்தச் சிவப்பணு. உடம்பு முழுக்க ஆக்சிஜன் சுமக்கிறது, அதற்கென்று மைட்டோகாண்ட்ரியா ஒன்றுகூட இல்லை. அந்த 2 ஏடிபி வழியிலேயே சுமார் 120 நாள் வாழ்கிறது.

அடுத்த முறை கொடுவா வாங்கும்போது தோலை உரித்துப் பக்கவாட்டில் பாருங்கள். அந்த வெள்ளைக்கு நடுவிலும் மெல்லிய சிவந்த பட்டை ஒன்று ஓடும். மெதுவாக நீந்தும்போது அந்தப் பட்டைதான் வேலை செய்கிறது.